அந்த இரண்டு வருஷம் எங்கே இருந்தாய்?

அறுபதுகளின் கடைசியில் ஒரு ஜூன் மாதம், காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருவதற்கு முன்னால் கோபம்தான் வருகிறது. யார் மேல் என்று கேட்டால், அம்மா மேல், தெரு மேல், எல்லாரையும் விட என் மேல்.

பி.யு.சி.யில் நல்ல மார்க் வாங்கியிருந்தேன். ரிசல்ட் வந்த மாதமே இருமல் பிடித்தது. சளி என்றார்கள், கபம் என்றார்கள், கடைசியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து டி.பி. என்றார்கள். சென்னைக்கு அந்தப் பக்கம் ஒரு காசநோய் ஆஸ்பத்திரியில் பதினாறு மாதம் படுத்திருந்தேன். குணமாகி, இனி யாருக்கும் தொற்றாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்து வீட்டுக்கு வந்தேன். அதற்குப் பிறகும் எட்டு மாதம் வீட்டின் பின்கட்டை விட்டு அம்மா என்னை வெளியே விடவில்லை. அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கைக்கு டி.பி. என்று தெரிந்தால் எவன் வருவான் என்பது அம்மாவின் கவலை. அந்த வார்த்தையை அம்மா வாயால் சொன்னதே கிடையாது. யார் கேட்டாலும், அந்த நேரத்தில் வாய்க்கு வந்த ஒரு பொய்யைச் சொல்லிவிடுவாள்.

ஆஸ்பத்திரிக்கு மாதம் இரண்டு தடவை ஒரு பல் டாக்டரம்மா வருவார். எங்களைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள்கூட முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு நாலடி தள்ளி நிற்பார்கள். இந்த அம்மா மட்டும் நேராக எங்கள் வாய்க்குப் பக்கத்தில் குனிந்து, திற, இன்னும் திற என்பார். படித்தால் இதுதான் படிப்பது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். அப்பா தறி நெய்கிறவர், அதிகம் பேச மாட்டார். ஒரே ஒரு தடவை அப்ளிகேஷன் போட்டுப் பார், கிடைக்காவிட்டால் கல்யாணப் பேச்சுக்குத் தலையாட்டிவிட வேண்டும் என்றார். சரி என்றேன்.

பல் மருத்துவக் கல்லூரி அப்ளிகேஷனில் ஒரு கேள்வி இருந்தது. படிப்பில் இடைவெளி இருந்தால் காரணம் என்ன? நான் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்தேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத எழுதாத. அந்தக் காயிதம் எத்தினி கை மாறும்னு தெரியுமா? குடும்பக் காரணம்னு எழுது."

எழுதினேன். எனக்குப் புத்தி எங்கே போயிற்று என்று இன்று வரைக்கும் தெரியவில்லை. பெற்றவள் அழுகிறாளே என்று எழுதியிருப்பேன்.

இரண்டே வாரத்தில் அப்ளிகேஷன் திரும்பி வந்தது. என்ன குடும்பக் காரணம், அந்த இரண்டு வருஷமும் மனுதாரர் எங்கே இருந்தார் என்று வருவாய்த் துறை அதிகாரி நேரில் விசாரித்துக் கொடுத்த சான்றிதழோடு பத்து நாளுக்குள் அனுப்ப வேண்டுமாம். தாலுகா ஆபீசுக்கு நானும் அப்பாவும் நடந்தோம். முதல் நாள் ஆள் இல்லை. இரண்டாம் நாள் ஆள் இருந்தார், சீல் இல்லை. மூன்றாம் நாள் இரண்டும் இருந்தன, ஆனால் அவர் சாப்பிடப் போய்விட்டார், சாப்பிட்டு முடிக்க அவருக்கு மூன்று மணி நேரம் ஆனது. நான்காம் நாள்தான் ரெவின்யூ இன்ஸ்பெக்டரைப் பிடிக்க முடிந்தது. திருப்புட்குழிக்குப் போகிற வழியில் நாளை மறுநாள் காலையில் தெருவுக்கு வந்து விசாரிக்கிறேன் என்றார்.

அவர் வந்த காலையில் பார்த்து எங்கள் வீட்டுப் பாவு தெருவில் இருந்தது. பாவு என்றால் புடவையின் நீளவாட்டு இழைகள். அதைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிபோட்டு, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். யார் வீட்டுப் பாவாக இருந்தாலும் தெருவே வந்து கை கொடுக்கும். கஞ்சி ஈரமாக இருக்கும்போது எவரும் கையிலிருக்கும் இழையை விட்டு நகர முடியாது, நகர்ந்தால் அத்தனையும் ஒட்டிப் பாழாகிவிடும். நான் வழக்கம்போல உள்ளே, ஜன்னல் பக்கம் நின்றிருந்தேன்.

இன்ஸ்பெக்டர் சைக்கிளை அதற்கு மேல் தள்ள முடியாமல் நிறுத்தினார். சரி, விசாரிக்க வேண்டிய ஆட்கள் எல்லாரும் இங்கேயே இருக்கிறார்கள் என்று நோட்டைப் பிரித்தார். முதலில் நின்றவர் பக்கத்து வீட்டுக்காரர்.

"இந்த வீட்டுப் பொண்ணு ரெண்டு வருஷமா எங்க இருந்துச்சு?"

"வாலாஜாபாத்துல, அதோட சித்தி ஊட்லங்க. சித்திக்குப் பிரசவம்."

"ரெண்டு வருஷமா பிரசவம்?"

"அதெல்லாம் நமக்குத் தெரியாதுங்க."

அவருக்கு அடுத்தபடி எதிர்வீட்டு அம்மா. அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், எங்களிடம் தமிழ். பக்கத்தில் நின்றவர் சொன்னதைக் காதால் கேட்ட பிறகும், கொஞ்சமும் அசராமல், "பெங்களூர்ல தையல் கத்துக்கினு இருந்துச்சு சார்" என்றார். அவருக்கு அடுத்து நின்ற பெரியவர் இழையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அது எங்கியும் போவல. ஊட்லதான் இருக்குது. அடக்கமான பொண்ணு, வெளிய வராது" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று பேரும் அம்மா தங்களிடம் சொன்னதை அச்சுப் பிசகாமல் திருப்பிச் சொல்கிறார்கள். அம்மா பாவின் அந்தக் கோடியில், கையில் கழியைப் பிடித்தபடி, தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறாள். அப்பா வானத்தைப் பார்க்கிறார்.

இன்ஸ்பெக்டர் நோட்டை மூடினார். "ஏம்பா, ஒரு பொண்ணுதான? மூணு ஊர் சொல்றீங்க. விசாரணையில முரண்பாடுன்னு எழுதி அனுப்பிடறேன், அவங்க பாத்துக்கட்டும்" என்று சைக்கிளைத் திருப்பினார்.

அவர் அப்படி எழுதினால் என் படிப்பு அத்தோடு முடிந்தது. எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, வாசல்படியில் வந்து நின்று, "சார், எனக்கு டி.பி. வந்துச்சு. ஆஸ்பத்திரியில இருந்தேன். இங்க யாரும் உண்மையச் சொல்லல" என்றேன். சொல்லிவிட்டு, அத்தனை பேரும் முந்தானையையும் துண்டையும் மூக்குக்குக் கொண்டுபோவதைப் பார்க்கத் தயாராக நின்றேன்.

ஒருவரும் கையை எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டார்.

"அப்பாடா, சொல்லிட்டியா. இனிமே எனக்கு வாலாஜாபாத்த ஞாபகம் வெச்சிக்க வேணாம்."

எனக்குப் புரியவில்லை. எதிர்வீட்டு அம்மாதான் சொன்னார். "தெரியாமலா இருப்போம்? சித்தி ஊட்டுக்குப் போறதுன்னா உங்கப்பா மாசா மாசம் டிபன் கேரியரோட மெட்ராஸ் பக்கம் போற பூந்தமல்லி பஸ்ஸிலயா ஏறுவாரு? ஊசி போட வந்த கம்பவுண்டர் எங்க ஊட்டத் தாண்டித்தான வந்தாரு? உங்கம்மா பெங்களூர்னு சொன்னாங்க. அவங்க சொல்றத நாங்க இல்லன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

"அதுக்காக ஆபீசர் கேக்கும்போது கூடவா?" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஆபீசர் இன்னிக்கி வருவாரு, போயிடுவாரு. உங்கம்மா மூஞ்சியில தெனமும் முழிக்கணுமே."

இதுதான் எங்கள் தெரு. ஒருத்தி சொன்ன பொய்யைத் தெருவே பொறுப்பாகக் காப்பாற்றி, என் தலையில் மண்ணைப் போடப் பார்த்தது. எட்டு மாதமாக எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டிலிருந்து தினம் நான்கு முட்டை வரும், கோழி நிறைய இடுகிறது என்று. அவர்களிடம் இருந்ததே இரண்டு கோழிகள். சயின்ஸ் படித்த எனக்கு ஒரு நாளாவது இது உறைத்ததா?

இன்ஸ்பெக்டர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் நல்ல மனிதர். ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கிப் பார்த்து, புதிதாக ஒரு வாக்குமூலம் எழுதினார். சாட்சிக் கையெழுத்து வேண்டும், யாரும் பாவை விட்டு வர முடியாது. அதனால் அவரே மைப்பெட்டியோடு பாவை ஒட்டி நடந்து, ஒரு கையில் இழையைப் பிடித்திருந்தவர்களிடம் மற்றக் கையில் ரேகை வாங்கினார். பெரியவர் மட்டும், இழையில் மை பட்டால் யார் பதில் சொல்வது என்று அவரிடமே சண்டை பிடித்தார்.

நான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். எதிர்வீட்டு அம்மா திரும்பி, "கை காலியாத்தான இருக்குது, வெயில் ஏறிக்கினு இருக்குது பாரு. இங்க வந்து இந்த எழயப் புடி" என்றார். இரண்டு வருஷம் கழித்து அன்றுதான் இன்னொரு மனுஷியின் தோளை ஒட்டி நின்றேன். முடி போடக் கை வரவில்லை, கண்ணில் தண்ணீர் நிறைந்து இழையே தெரியவில்லை. அவர் ஒன்றும் கேட்காமல் என் பங்கையும் சேர்த்து முடிபோட்டார்.

சான்றிதழ் கடைசி நாளுக்கு முந்தின நாள் போய்ச் சேர்ந்தது. இடம் கிடைத்தது. அக்காவுக்கு அந்தத் தை மாதமே கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்கும் விஷயம் முன்பே தெரியுமாம், அவர்களும் கேட்கவில்லையாம். அம்மா என்னோடு நாலு நாள் பேசவில்லை. நான் சொல்லிவிட்டேன் என்பதற்காக இல்லை, எல்லாருக்கும் தெரிந்திருந்தும் தன்னை இவ்வளவு பொய் சொல்ல விட்டார்களே என்று தெரு மேல் இருந்த கோபத்தை என்னிடம் காட்டினாள்.

முப்பது வருஷத்துக்கு மேல் பல் டாக்டராக இருந்துவிட்டேன். அந்தப் பின்கட்டு எட்டு மாதத்தை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் பேசுவது கேட்கும். என்னைக் கண்டால் ஒதுங்குவார்கள் என்று நான் உள்ளே அழுதேன். யாரும் வர வேண்டாம் என்று எங்கள் வீட்டில் நினைப்பதாக எண்ணி அவர்கள் மரியாதையாக வெளியே இருந்தார்கள். யாராவது ஒருத்தர் கதவைத் தட்டியிருந்தால் போதும். அதனால்தான் இப்போதெல்லாம் தெரிந்தவர்கள் வீட்டில் யாராவது உடம்பு சரியில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டால், அவர்களாகச் சொல்லட்டும் என்று நான் காத்திருப்பதில்லை, நேரே போய்த் தட்டிவிடுகிறேன். இரண்டு பேர் முகத்துக்கு நேராகவே திட்டி அனுப்பினார்கள், பரவாயில்லை.