மழையில் நின்ற பெடியன்

மெல்பேர்னில் நல்ல குளிர். சிட்னியிலிருந்து மகளைப் பார்க்க வந்த நான், அவளோடு ஒரு சர்ச் மண்டபத்தில் நிற்கிறேன். குளிர்காலத்தில் வீடில்லாதவர்கள் படுக்க இதைத் திறந்துவிடுவார்கள். இன்றைக்குச் சமைக்கிற பொறுப்பு எங்கள் தமிழ்ச் சனத்துக்கு. மன்னாரில் பெருநாளுக்குப் பெரிய கிடாரத்தில் சமைத்த சனம்; அளவாகச் சமைக்க இன்னும் தெரியாது.

வாசலில் ஒரு தமிழ்ப் பெடியன், முப்பது வயதிருக்கும், போர்வையைச் சுருட்டிப் பிடித்தபடி மழையில் நனைகிறான். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறான்.

"தம்பி, உள்ளுக்கு வாருமன்."

"வேண்டாம் அங்கிள். தமிழாக்கள் நிக்கிறது தெரிஞ்சிருந்தா வந்திருக்க மாட்டன். நாளைக்கே ஊரில அம்மாவுக்குக் கதை போயிடும். நான் நல்லா இருக்கிறன் எண்டுதான் அவ நினைச்சுக்கொண்டிருக்கிறா."

உண்மைதான். எங்கள் ஆட்கள் சோறு போடும்போதே எந்த ஊர், யாருடைய மகன் என்று கேட்டுவிடுவார்கள். நானும் கேட்க வாயெடுத்தவன்தான்.

"நான் சிட்னிக்காரன். நாளைக்குப் போயிடுவன். உமக்குச் சாப்பாடு நானே கொண்டுவந்து தாறன். பேரும் கேக்க மாட்டன்."

யோசிக்கிறான். பிறகு மிதியடியில் சப்பாத்தைத் துடைத்துவிட்டு உள்ளே வந்து, சமையல் நடக்கும் குசினிக்கு முதுகைக் காட்டிக் கதிரையில் இருக்கிறான்.

"அங்கிள்," என்கிறான் மெதுவாக, "கறியைக் கொஞ்சம் கூடப் போடுங்கோ."