எட்டாம் நம்பரின் பின்கதவு

மலையேறத் தொடங்கிய நாளிலிருந்து அவள் புருஷனோடு பேசவில்லை. பேசாமல் இருப்பது அவளுக்குப் புதிதல்ல. ஆயுசில் பாதியை மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையில் கழித்தவள். "மூச்ச இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க. ம், விடுங்க." இதற்கு மேல் யாரிடமும் ஒரு வார்த்தை அதிகம் செலவழிக்க மாட்டாள். அழுகிற குழந்தைகூட அவள் முறைத்தால் வாயை மூடிக்கொள்ளும். எக்ஸ்ரேக்காரி என்றால் அங்கே எல்லோருக்கும் தெரியும். பெயரைச் சொன்னால்தான் அது யார் என்று கேட்பார்கள்.

புருஷன் டவுன் பஸ் டிரைவர். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை எட்டாம் நம்பர் பஸ்ஸையே ஓட்டியதால் அவருக்கும் எட்டாம் நம்பர் என்றே பேர் நின்றுவிட்டது. ரயில் நிலையத்திலிருந்து சந்தை, சந்தையிலிருந்து ரயில் நிலையம். அப்படிச் செக்குமாடாகச் சுற்றிய மனுஷனுக்கு ஓய்வு பெற்றதும் ஊர் சுற்றும் ஆசை வந்தது. ஆசையோடு நின்றிருக்கலாம். பழைய பள்ளிக்கூட வேன் ஒன்றை வாங்கி வந்து, சீட்டுகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ரம்பமும் சுத்தியலுமாகத் தானே உட்கார்ந்து அதை வீடாக்கினார். மடக்குக் கட்டில், சின்ன அடுப்பு, தண்ணீர் டேங்க், திரும்பினால் முழங்கை இடிக்கிற கழிவறை. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு பலகைத் தடுப்பு, அதில் கையகலத்துக்கு ஒரு ஜன்னல். பின்கதவு மட்டும் ஒரு தடவை சாத்தினால் பிடிக்காது. இரண்டாவது தடவை ஓங்கிச் சாத்த வேண்டும்.

"அந்தக் கொக்கிய மாத்துங்க" என்று கிளம்புமுன்பே சொன்னாள்.

"ரெண்டு தடவ சாத்தினா கை தேஞ்சா போயிடும்?" என்றார்.

அது சின்னச் சண்டை. பெரிய சண்டை முதல் கொண்டையூசி வளைவில் வந்தது. அதுவரை முன்னால் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டே, மழை வரும்போல இருக்கிறது என்கிற குரலில் அவர் சொன்னார்.

"வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன். திரும்பிப் போனதும் காலி பண்ணிடறோம். இனிமே நமக்கு இந்த வண்டிதான் வீடு."

"என்னைக் கேட்டீங்களா?"

"கேட்டா வேணாம்னுதானே சொல்லுவ."

இதைக் கேட்டு எந்தப் பெண்டாட்டிக்கு வயிறு எரியாது? வேலை பார்த்த காலமெல்லாம் ஜன்னலே இல்லாத அறையில் கிடந்தவள் அவள். ஓய்வு பெற்ற பிறகுதான் அந்த வாடகை வீட்டின் கிழக்கு அறையில், ஜன்னலோரமாக ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, காலை வெயில் மடியில் விழ உட்காரக் கற்றுக்கொண்டாள். அவளுக்கென்று உலகத்தில் இருந்தது அந்த நாற்காலியும் அந்த வெயிலும்தான். வீட்டுச் சாவி அவள் கைப்பையில் இருந்தது.

"சாவி என்கிட்ட இருக்கு. தரமாட்டேன்."

"பாக்கலாம்" என்றார் அவர்.

அடுத்த தடவை வண்டி நின்றபோது அவள் இறங்கிப் போய்ப் பின்கதவு வழியாக ஏறிக்கொண்டாள். கையகல ஜன்னலில் கைத்துண்டைத் தொங்கவிட்டாள். அதன் பிறகு இருவருக்கும் நடுவே பேச்சில்லை.

எட்டாம் நம்பருக்கு வண்டி ஓட்டத் தெரியுமே தவிர, ஊர் பார்க்கத் தெரியாது. அழகான இடம் வந்தால் ஓரங்கட்டுவார். இறங்க மாட்டார், இன்ஜினை அணைக்கவும் மாட்டார். "ஏரி!" என்று நிறுத்தத்தின் பேரைச் சொல்வதுபோல் கத்துவார். கொஞ்ச நேரம் உறுமிக்கொண்டு நின்றுவிட்டு வண்டி கிளம்பும். அவள் வீம்புக்கு உள்ளேயே உட்கார்ந்திருப்பாள். இப்படியே ஒரு ஏரி போயிற்று, ஒரு குகை போயிற்று, ஊரே திரண்டு வந்து பார்க்கிற ஓர் அருவியும் பார்க்காமலே போயிற்று.

அடுத்த அருவியின் இரைச்சல் வண்டிக்குள்ளேயே கேட்டது. "அருவி!" என்று முன்னாலிருந்து கத்தல். இந்த மனுஷன்மேல் உள்ள கோபத்துக்கு நான் ஏன் என் கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. கைப்பையைக்கூட எடுக்காமல், ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்கினாள். பின்கதவைச் சாத்தினாள், பிடிக்கவில்லை. மறுபடியும் ஓங்கிச் சாத்தினாள். வண்டி விருட்டென்று கிளம்பிப் போய்விட்டது.

பஸ்காரர்களுக்கு ஒரு பழக்கம். ஆட்கள் ஏறியதும் கண்டக்டர் பின்னாலிருந்து தகரத்தில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் நில், இரண்டு என்றால் போ. டிரைவர் திரும்பிப் பார்ப்பதில்லை. காதில் விழுந்ததும் கை தானாகக் கியரைப் போடும். எட்டாம் நம்பரின் கையும் போட்டது.

"ஏங்க! ஏங்க!" என்று அவள் கத்தினது அருவிச் சத்தத்தில் கரைந்தது. வண்டி வளைவில் மறைந்தது. வரட்டும், பேசிக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பிடிச் சுவர்மேல் உட்கார்ந்தாள்.

அங்கே படம் எடுத்துக் கையோடு கொடுக்கிற போட்டோக்காரர் ஒருவர் அலைந்துகொண்டிருந்தார். "ஜோடியா எடுத்துக்கலாமாம்மா?"

"ஜோடி போயிடுச்சு."

"அப்ப தனியா ஒண்ணு எடுக்கட்டுமா? கொஞ்சம் சிரிங்க."

"நானும் படம் எடுத்தவதான். ஒருத்தரையும் சிரிக்கச் சொன்னதில்ல" என்றாள். போட்டோக்காரர் நகர்ந்துவிட்டார்.

வெயில் பாறையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போயிற்று. வண்டி வரவில்லை. முதலில் இருந்தது கோபம். அது போய் பயம் வந்தது, மலையில் எங்காவது உருண்டிருப்பாரோ என்று. அதற்கும் பிறகு வந்ததுதான் அவளை உலுக்கியது. அவர் நன்றாகத்தான் ஓட்டிக்கொண்டிருப்பார். நான் இல்லையென்பதே அவருக்கு இன்னும் தெரிந்திருக்காது. அவமானத்தில் காது மடல் சுட்டது. அழுகை வரவில்லை. அருவியை நிமிர்ந்து பார்த்தாள். அதன்பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது.

"கீழ போற பஸ் எத்தன மணிக்கு?" என்று போட்டோக்காரரிடம் கேட்டாள்.

"வர்ற நேரந்தாம்மா."

பஸ்ஸுக்கு முன்னால் வேன் வந்தது. எட்டாம் நம்பர் வேர்த்து விறுவிறுத்து இறங்கி ஓடி வந்தார்.

"அங்கயே நில்லுங்க. அசையாதீங்க" என்றாள்.

நின்றார். மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டார். எத்தனையோ பேருடைய நெஞ்சுக்கூட்டை உள்வரை பார்த்தவள், இவரை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"நான் இல்லன்னு எங்க தெரிஞ்சுது?"

"மலையுச்சில. டீ கேட்டேன். மூணு தடவ கேட்டேன். பதில் இல்ல. நீ கோவத்துல இருக்கேன்னு விட்டுட்டேன்."

"அப்புறம்?"

"போன் போட்டேன். பின்னாடியே அடிச்சுது. வேணும்னே எடுக்கலன்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"நானே டீ போட்டுக்கலாம்னு பின்கதவத் திறந்தேன்."

அவள் தலையை ஆட்டினாள். கத்துவாள் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"என் கைப்பைய எடுத்துக் குடுங்க."

"ஏறி உக்காரு, உள்ளதான இருக்கு."

"எடுத்துக் குடுங்க."

எடுத்து வந்தார். அதற்குள் என்ன இருக்கிறதென்று அவருக்கும் தெரியும். நீட்டிய கை பையை விட மனமில்லாமல் நின்றது. அவள் பிடுங்கினாள். திறந்து சாவியைத் தொட்டுப் பார்த்து மூடினாள்.

"நாளைக்குக் காலைல வெயில் வர்றப்ப நான் என் நாற்காலில இருப்பேன். வீட்டுக்காரர்கிட்டயும் நானே பேசிக்கறேன். நீங்க உங்க வீட்டுல இருங்க."

பஸ் வந்து நின்றது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்டக்டர் தகரத்தில் இரண்டு தட்டு தட்டினார். எட்டாம் நம்பர் விழுந்தடித்துக்கொண்டு ஓடி வேனில் ஏறுவது தெரிந்தது.

கொஞ்ச தூரம் போனதும் கண்டக்டர் பின்னால் எட்டிப் பார்த்தார். "யாரோ ஒரு வேன்காரர், வழி விட்டாலும் முந்த மாட்டேங்கறாரே. தெரிஞ்சவராம்மா?"

"பஸ் டிரைவர்" என்றாள்.

மலை இறங்கும்வரை ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ் நின்றது. பின்னால் வேனும் நின்றது. அவள் எந்த நிறுத்தத்திலும் இறங்கவில்லை.