முப்பத்தெட்டு மீட்டருக்கு அப்பால்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். படிப்பு ஐந்தாம் வகுப்பு, இருபது வருடமாகக் கேபிள் டிவி லைன் வேலை, மீட்டர் காட்டுவதைத் தவிர வேறு எதையும் நம்பியதில்லை. இதையும் மீட்டர்தான் காட்டியது, அதனால் சொல்கிறேன்.

கேபிளின் ஒரு முனையில் மீட்டரை மாட்டினால் அது ஒரு துடிப்பை அனுப்பும். அறுந்த இடத்தில் அது முட்டித் திரும்பும், எத்தனையாவது மீட்டர் என்று திரையில் கோடு எழும்பிக் காட்டும். அதற்கு அப்பால் ஒன்றும் தெரியாது, துடிப்பு போக வழியில்லையே. நான் மீட்டரில் இருந்தால் என் கூட்டாளி செல்வம் மறுமுனையில் இருப்பான். கேபிளின் நடுக்கம்பியையும் அதைச் சுற்றியிருக்கும் மேல்வலையையும் அவன் ஸ்க்ரூடிரைவரால் சேர்த்துத் தொட்டால் கோடு கீழே இறங்கும். இரண்டு தடவை என்றால் சரியான கேபிள். மூன்று என்றால் கரண்ட் இருக்கிறது, கை வைக்காதே. அவனுக்குக் கட்டைவிரல் சரியாக மடங்காது, மூன்றாவது எப்போதும் தாமதமாகத்தான் வரும்.

"டெஸ்டரத் தொடவே மாட்டியா மாப்ள? ஒன் ஆயுசு என் கட்டைவிரல்லதான் இருக்கு போ" என்பான்.

ஐப்பசியில் காய்ச்சல் வந்து செத்துப்போனான். பாலக்கரையில் அவன் வீட்டுக்குப் போய் நின்றேன், அழுகை வரவில்லை. மறுநாள் வேலைக்குப் போனேன்.

வைகுண்ட ஏகாதசிக்கு முதல் நாள் மத்தியானம். ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டில் படம் வரவில்லை. படுத்த படுக்கையாக ஒரு பெரியவர். அவர் மகள் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"விடிகாலைல டிவில சொர்க்கவாசல் திறக்கறதப் பாத்துடணும்னுதான் அப்பா மூச்சப் பிடிச்சிண்டிருக்கார். போன தடவ மாதிரி நாளைக்கு வரேன்னு நழுவிடாதீங்கோ."

"இன்னிக்கே முடிச்சிடறேன் மாமி."

டிவியிலிருந்து கேபிளைக் கழற்றிப் போட்டுவிட்டு, தெருமுனைப் பெட்டியில் மீட்டரை மாட்டினேன். மொத்தம் அறுபத்திரண்டு மீட்டர், முப்பத்தெட்டில் அறுந்திருந்தது. அது பக்கத்து வீட்டு மொட்டைமாடி. அங்கே போக நான் எழுந்தபோது கோடு இறங்கியது, அறுபத்திரண்டில், டிவி முனையில். ஒன்று, இரண்டு. கொஞ்சம் பொறுத்து, மூன்று.

பயம் வரவில்லை. எதுவுமே வரவில்லை. "சரிடா" என்றேன். மாடியில், பெரியவர் வீட்டுப் பக்கம் போகிற அறுந்த துண்டில் டெஸ்டரை வைத்தேன், விளக்கு எரிந்தது. தண்ணீர் மோட்டார் ஒயர் தோல் உரிந்து அதன்மேல் கிடந்தது, மோட்டார் அப்போதுதான் ஓட ஆரம்பித்திருந்தது. கையால் பிடித்திருந்தால் நான் இல்லை.

கரண்ட் கலந்தால் கோடு ஆடும் என்பீர்கள். ஆடும், நடுங்கிக்கொண்டே இருக்கும். எண்ணி மூன்று தடவை இறங்காது, அதுவும் அறுந்த இடத்துக்கு அப்பால்.

மோட்டாரை நிறுத்தச் சொல்லி, ஒயரை விலக்கி, கேபிளைச் சேர்த்துவிட்டு மாமி வீட்டுக்குப் போனேன்.

"இந்த முனைய யாராவது தொட்டீங்களா மாமி?"

"யார் தொடறது? நான் அடுக்களைல இருந்தேன். அப்பாவால தலையக்கூடத் திருப்ப முடியாது. பழிய எங்க மேல போடறேளா?"

நேராக விட்டுப்போன நடுக்கம்பி இடதுபக்கம் வளைந்திருந்தது. செல்வம் ஸ்க்ரூடிரைவர் வைத்தால் அப்படித்தான் வளையும். நிமிர்த்தி மாட்டினேன், படம் வந்தது. பெரியவரின் கண்ணோரம் நனைந்தது, நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போதெல்லாம் அளந்து முடித்ததும் மீட்டரைக் கழற்றாமல் ஒரு நிமிஷம் பார்க்கிறேன். கோடு அசையாமல் கிடக்கிறது. டெஸ்டர் வைக்காமல் கை நீட்டினால் வருவானோ என்று சில நாள் தோன்றுகிறது. வீட்டில் இதைச் சொன்னதில்லை.