டைட்டன்களும் ரெட்டியபட்டிப் பக்கத்து மூன்று கற்களும்

மகளுக்குக் கடும் காய்ச்சல் கண்டபோது, பிழைத்தால் மொட்டை போடுவதாகத் தன் பிறந்த வீட்டுச் சாமிக்கு நேர்ந்துகொண்டாள் என் மனைவி சரோஜா. 1973 மே மாதம் கிளம்பினோம். நான் அப்போது அருப்புக்கோட்டையில் சரித்திர வாத்தியார்.

காலை ஆறரை மணி பஸ். எம்.ரெட்டியபட்டியில் இறங்கி இரண்டு மைல் நடை. கரிசல் வெடித்துக் கிடந்தது, செருப்பு இல்லாமல் போய்விடாதீர்கள். மடியில் வைத்து முடி இறக்கத் தாய்மாமன் வேண்டுமே! மச்சான் செல்வம் காரியாபட்டியிலிருந்து வந்து சேர்ந்துகொண்டான்.

கோவிலில் புதிதாக ஒரு கருப்பசாமி சிமெண்டுச் சிலை. பத்தடி தள்ளி உடைமரத்தடியில் மூன்று கற்கள். தனிப் பெயர் கிடையாது, மொத்தமாக ‘மூத்தவுக’. கிரேக்கர்களும் தங்கள் பழைய தலைமுறைத் தெய்வங்களுக்கு மொத்தமாக டைட்டன்கள் என்றுதான் பேர் வைத்தார்கள், ஜீயஸ் அவர்களை ஜெயித்துப் பாதாளத்தில் அடைத்துவிட்டார் என்று மச்சானிடம் அளந்துகொண்டிருந்தேன்.

வெயில் ஏறுகிறதே என்று அவன் அவசரமாகப் போய்ச் சிலைக்குத் தேங்காய் உடைத்துச் சூடம் காட்டிவிட்டான். பூசாரி பதறி ஓடி வந்தார்.

"ஏலே செல்வம், மூத்தவுகளுக்குக் காட்டாம இளையவருக்குக் காட்டிட்டியே! இனி அவுக உத்தரவு இல்லாம பிள்ளை தலையில கத்தி வைக்க விட மாட்டேன்."

சரோஜா பூசாரியிடம் அழ ஆரம்பித்துவிட்டாள். "நேர்த்திக்கடன் நின்னு போச்சுன்னா பிள்ளைக்கு என்ன ஆகும்ணே?" எனக்குச் சாமி நம்பிக்கை குறைவு. ஆனாலும் நானும் சேர்ந்து பூசாரியிடம் கெஞ்சினேன்.

பூசாரி சிலையின் காலடியிலிருந்து தேங்காய் மூடிகளை எடுத்துப்போய்க் கற்களின் முன்னால் வைத்தார். செல்வத்துக்காகப் பேசுவார் என்று நினைத்தேன். அவரோ கருப்பசாமிக்காகப் பேசினார்.

"சின்னவன் பசியில முந்திட்டான். நீங்க பெரியவுக, கோவிச்சுக்கிறாதீக."

மரத்தில் கவுளி, அதாவது பல்லி, கத்தினால் மூத்தவுக உத்தரவு. மரத்தில் சத்தமே இல்லை. சரோஜா பிள்ளையை இறுக்கிக்கொண்டு நின்றாள். ஒரு வழியாகக் கத்தியது. செல்வம் மடி விரித்து உட்கார்ந்தான், பிள்ளை ஊரே கேட்க அலறியது.

போகிறவர்கள் தண்ணீர் கொண்டுபோங்கள், வழியில் கடை இல்லை. தேங்காய் இரண்டாக வாங்குங்கள், முதலாவது கற்களுக்கு. பிறகும் எத்தனையோ வருஷம் டைட்டன்கள் பாடம் நடத்தினேன். ஜீயஸுக்காக யாராவது போய் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டதாக நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை.