அத்தான் ஓய்வெடுத்த தீவு

அத்தானுக்கு ஓய்வு வேண்டும் என்று டாக்குத்தர் சொன்ன அன்றே எனக்குப் பயம் பிடித்துவிட்டது. அத்தான் என் அக்காவின் கணவர். பாலங்களுக்குக் கணக்குப் போடும் எஞ்சினியர். எதைச் செய்தாலும் முறையாகச் செய்வார். ஓய்வையும் விடமாட்டார் என்று தெரியும்.

இரண்டு கிழமைக்குள் மொன்றியலுக்குப் பக்கத்தில், கர்க்லாண்டில் உள்ள தன் வீட்டுக்கு எங்களைக் கூப்பிட்டார். சாப்பாட்டு மேசையில் ஒரு கிரேக்கத் தீவின் வரைபடம் விரித்திருந்தது. அவர்கள் நான்கு பேர், நாங்கள் நான்கு பேர். எட்டுப் பேருக்கும் கடலோரத்தில் ஒரு வீடு, பதினொரு நாட்கள். ஹொட்டல் வேண்டாமாம், அங்கே குடும்பமாக இருக்க முடியாதாம். குசினியுள்ள வீடு என்றால் அக்காவுக்கும் வசதி என்றார். அது என்ன வசதி என்று நான் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். லொங்குய்யில் ஒரு அலுவலகத்தில் வருடம் முழுக்க மற்றவர்களுடைய கடிதங்களைப் பிரெஞ்சில் தட்டிக்கொண்டிருந்தவள் நான். கடல் என்றதும் புத்தி வேலை செய்யவில்லை.

“போய்ச் சும்மா கிடக்கிறதுதான்,” என்றார் அத்தான். “ஆனா அதுக்கும் ஒரு ஒழுங்கு வேணும்.”

ஆளுக்கொரு தாள் தந்தார். ஆறரைக்கு நடை. ஏழரைக்குக் கடல்குளிப்பு. ஒன்பதுக்குக் காலைச் சாப்பாடு. பத்திலிருந்து பதினொன்று வரை ஓய்வு. காலைச் சாப்பாட்டை யார் சமைப்பது என்று தாளில் இல்லை. என் கணவர் அதை வாசித்துவிட்டு, “ஓம் அண்ணை, நல்ல பிளான்,” என்றார். அத்தான் நயாகராவில் குதிப்போம் என்றாலும் அவர் அதைத்தான் சொல்வார்.

தீவுக்கு நாங்கள் கொண்டுபோன சூட்கேஸ்களில் இரண்டு முழுக்கச் சாப்பாட்டுச் சாமான். அரிசி, அரிசிமா, மிளகாய்த்தூள், புட்டுக்குழல். அத்தானின் கட்டளைப்படி ரைஸ் குக்கரும் வந்தது. போய் இறங்கிய அன்றே அக்கா அதைக் கவிழ்த்து அடியில் எழுதியிருந்ததை வாசித்தாள். கனடா கரண்டுக்குச் செய்தது, இங்கே சரிவராது என்று சொல்லி மூலையில் வைத்துவிட்டு, அடுப்பில் பானையை ஏற்றினாள்.

வீடு அழகானதுதான். முன்பக்கத்து விறாந்தையிலிருந்து பார்த்தால் கடல் முழுக்கத் தெரிந்தது. குசினி பின்பக்கம். அதன் யன்னலால் பக்கத்து வீட்டுச் சுவரும், அதன்மேல் நாள் முழுக்கப் படுத்திருக்கும் ஒரு மஞ்சள் பூனையும் தெரிந்தன. அக்காவும் நானும் அங்கேதான் நின்றோம்: காலையில் புட்டு, மத்தியானம் சோறும் மீன்குழம்பும், பின்னேரம் தேத்தண்ணியோடு வாய்ப்பன், இரவுக்கு இடியப்பம். நடுநடுவே அத்தான் டிஜிட்டல் கமெராவோடு வருவார். அக்கா கையைக் கழுவி, கறுப்புக் கண்ணாடியைப் போட்டு, விறாந்தையில் நின்று கடலைப் பார்ப்பாள். படம் எடுத்து முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெங்காயத்துக்குத் திரும்புவாள். அந்தப் படங்களைப் பார்த்தால் எவருக்கும் எங்கள்மேல் பொறாமை வரும்.

ஆறாம் நாள், எங்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரி படுக்கை விரிப்புகளோடு வந்தாள். இருபது வருடம் மொன்றியலில் தையல் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவள்; எங்கள் பிரெஞ்சைவிட அவள் பிரெஞ்சு நன்றாக இருந்தது. விறாந்தையைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி அக்காவிடம் கேட்டாள், விறாந்தையில் இருக்கும் குடும்பம் உங்கள் இரண்டு பேருக்கும் சம்பளம் ஒழுங்காகத் தருகிறதா என்று.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. “நாங்களும் அந்தக் குடும்பம்தான்,” என்று அக்கா மெதுவாகப் பிரெஞ்சில் சொன்னாள். வீட்டுக்காரி மன்னிப்புக் கேட்டாள். அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

அடுத்த நாள் காலை அக்கா அடுப்பை மூட்டவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போனாள்.

“நாங்கள் ரெண்டுபேரும் மற்றப் பக்கத்துக் கடற்கரைக்குப் போறம். பேந்து வாறம்.”

“அப்ப சாப்பாடு?” என்றார் அத்தான்.

“தாளில போட்டிருக்குத்தானே, ஒன்பது மணிக்கெண்டு,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

பஸ்ஸில் போய் இறங்கினோம். கடற்கரையில் சாய்கதிரையில் உட்கார்ந்து பத்து நிமிடம் ஆகவில்லை, பிள்ளைகள் சாப்பிட்டிருக்குமா என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் தூங்கிவிட்டாள். வாயைத் திறந்துகொண்டு, செருப்புக் காலோடு, இரண்டு மணி நேரம். நாங்கள் திரும்ப நினைத்திருந்த பஸ் என் கண்முன்னாலேயே போனது. நான் அவளை எழுப்பவில்லை.

பின்னேரம் வீடு திரும்பியபோது குசினி கருகி மணத்தது. பாலம் கட்டும் எஞ்சினியர் கமெராவுக்குக் கொண்டுவந்த அடாப்டரை மாட்டி ரைஸ் குக்கரைச் சுவரில் செருகியிருக்கிறார். அது புகைந்து, வீட்டுக் கரண்டையும் கூட்டிக்கொண்டு போயிருந்தது. என் கணவர் ஒரு டசின் முட்டையைத் தீய்த்து வைத்திருந்தார். பிள்ளைகள் நால்வரும் பாணும் வத்தகப்பழமும் தின்று, நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்து, இதுதான் நல்ல நாள் என்றார்கள். அத்தானோ எங்களைப் பார்த்து, “ஓய்வெடுக்க வந்த மனுசனைக் கொல்லப் பார்க்கிறியள்,” என்றார்.

இத்தோடு அக்கா திருந்திவிட்டாள் என்று எழுதத்தான் ஆசை. மறுநாள் விடிய எழும்பிப் பார்த்தால் புட்டு அவிந்துகொண்டிருந்தது. நான் கோபத்தில் கத்தினேன். அவள் மாவைக் குழைத்தபடி, “எனக்குச் சும்மா இருக்கத் தெரியாதடி,” என்றாள். சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. நானும் வேறு வழியில்லாமல் தேங்காய் துருவ உட்கார்ந்தேன்.

அந்தப் பனிக்காலம் கர்க்லாண்டில் விருந்து. அத்தான் படங்களை டிவியில் போட்டுக் காட்டினார். கறுப்புக் கண்ணாடியோடு அக்கா கடல் பார்க்கும் படங்கள் வரிசையாக வந்தன. வந்தவர்கள் குடுத்துவைத்தவ என்றார்கள். அந்தச் சூட்டோடு அத்தான் அடுத்த கோடைக்கு இன்னொரு தீவை அறிவித்தார்.

“நீங்கள் போயிட்டு வாங்கோ,” என்றாள் அக்கா, பலகாரத் தட்டை நீட்டியபடி. “நான் வீட்டில நிண்டு ரெஸ்ட் எடுக்கிறன்.”

எல்லோரும் சிரித்தார்கள், அத்தான் எல்லோரையும்விடப் பலமாக. ஜூலையில் இரண்டு ஆண்களும் பிள்ளைகளை மட்டும் கூட்டிக்கொண்டு விமானம் ஏறினார்கள். நான் கர்க்லாண்டுக்குப் போய் அக்காவோடு நின்றேன். தெப்பனரில், அதுதான் மூலைக்கடையில், வாங்கிய பாணையும் வெண்ணெயையும் வைத்தே மூன்று நாள் ஓட்டினோம். நாலாம் நாள் அத்தான் தொலைபேசியில் வந்தார். இந்த முறை ஹொட்டலாம். மூன்று நேரமும் அவர்களே சமைத்துத் தருகிறார்களாம். இவ்வளவு சுகமென்று போன வருடமே தெரியாமல் போச்சே என்று மிகவும் வருத்தப்பட்டார்.