யார் கேட்டாலும் மயிலாப்பூர்

எங்கள் வீடு கூடுவாஞ்சேரியில் இருக்கிறது. இந்த ஒரு வரியை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். வேறெங்கும் இதை நான் இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னதில்லை.

ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோவில் இன்னும் கொஞ்ச தூரம் உள்ளே போகவேண்டும். வயலாக இருந்த இடத்தை மனை போட்டு, ஏதோ ஒரு நகர் என்று பேர் வைத்து விற்றார்கள். இரண்டு படுக்கையறை, சொந்த வீடு, பால்கனியில் நின்றால் காற்று அள்ளிக்கொண்டு போகும். என் கணவருக்கு மறைமலை நகர்ப் பக்கம் ஃபாக்டரி வேலை, அதனால் அவருக்கு அது சொர்க்கம். நான் பிறந்து வளர்ந்தது மயிலாப்பூரில், ஒரு வீட்டின் பின்பக்கத்து வாடகைப் போர்ஷனில். இன்றைக்கு அந்தப் பொந்துக்குக்கூட எங்களால் வாடகை கொடுக்க முடியாது. அது தெரிந்தும் எனக்குத் திமிர் மட்டும் குறையவில்லை.

எங்கே இருக்கீங்க என்று யாராவது கேட்டால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் ‘தாம்பரம் பக்கம்’ என்பார்கள். செங்கல்பட்டை ஒட்டி இருப்பவர்கூட தாம்பரம் பக்கம்தான். அதில் ஒன்றும் குற்றமில்லை, கேட்பவருக்குப் புரிகிற மாதிரி சொல்வது. நான் செய்தது வேறு.

மகளை நான் படித்த பள்ளியிலேயே சேர்க்கவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். இங்கேயே நல்ல ஸ்கூல் இருக்கும்போது பச்சைப் பிள்ளையை ஏன் தினமும் ரயிலில் இழுத்துக்கொண்டு போகவேண்டும் என்று அவர் பொறுமையாகத்தான் கேட்டார். “இங்க படிச்சு என்ன ஆகப் போறா?” என்று நான் கத்தினேன். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரியின் இரண்டு பிள்ளைகளும் அந்த ஸ்கூலில்தான் படிக்கிறார்கள். அதற்கப்புறம் ஒரு மாதம் அவள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, நானும் வீம்பாக இருந்துவிட்டேன்.

மயிலாப்பூர் பள்ளியில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குத்தான் இடம் என்றார்கள். நேராகப் பழைய வீட்டுக்கார அம்மாவிடம் போய் நின்றேன். அந்த அம்மாளுக்கு என்மேல் பிரியம் உண்டு. நாங்கள் இன்னும் அவர் வீட்டில் வாடகைக்கு இருப்பதாக ஒரு கடிதம் எழுதி, கரண்ட் பில் நகலையும் சேர்த்துக் கொடுத்தார். சீட் கிடைத்துவிட்டது. சென்னையில் இதை எத்தனையோ பேர் செய்கிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் கடிதம் மட்டும் போதுமா? பிள்ளை வாயைத் திறந்து உளறிவிட்டால்? அதனால் காலை ரயிலில் பாடம் நடத்தினேன். லேடீஸ் கம்பார்ட்மென்டில் அவளை மடியில் உட்காரவைத்துக்கொண்டு, வண்டலூர் தாண்டுவதற்குள் ஒரு முறை, குரோம்பேட்டையில் ஒரு முறை. உன் வீடு எங்கே? மயிலாப்பூர். எந்தத் தெரு? சொல்வாள். வாசலில் என்ன இருக்கு? பச்சை கேட், நித்யமல்லிக் கொடி. வீட்டில் யார் இருக்காங்க? அப்பா, அம்மா, பெரியம்மா. வீட்டுக்கார அம்மாவைத்தான் பெரியம்மா என்று சொல்லக் கற்றுக்கொடுத்திருந்தேன். சில சாயங்காலங்களில் அந்தத் தெருவுக்கே கூட்டிப்போய் வழியையும் வீட்டையும் காட்டிவைத்தேன். யார் கேட்டாலும் இதுதான், மிஸ் கேட்டாலும் இதுதான், தெரியாமல் வேற சொல்லிட்டா ஸ்கூலை விட்டுத் துரத்திடுவாங்க என்று மிரட்டியும் வைத்தேன்.

தினமும் எங்களோடு வரும் ஒரு பூக்காரம்மா ஒரு நாள் அவளிடம் எந்த ஊர் பாப்பா என்று கேட்டார். இவள் படக்கென்று மயிலாப்பூர் என்றாள். அப்ப இந்த வண்டியில என்னடி பண்றே என்று அந்தம்மா கேட்க, கம்பார்ட்மென்டே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்தது மட்டுமா, என் பொண்ணு எவ்வளவு சமர்த்து என்று உள்ளுக்குள் பூரித்துப்போனேன். த்தூ, நானெல்லாம் ஒரு தாய்.

இப்படி இரண்டு வருடம் போயிற்று. அவள் இரண்டாம் வகுப்புக்கு வந்திருந்தாள், ஏழு வயது. நான் தி.நகரில் ஒரு பல் டாக்டரிடம் ரிசப்ஷனில் இருக்கிறேன். ஸ்கூல் விட்டதும் அவளைப் பக்கத்திலேயே ஒரு டே கேரில் விட்டுவிடுவார்கள், வேலை முடிந்து நான் போய்க் கூட்டிக்கொள்வேன். அன்றைக்கு நல்ல மழை. மதியமே பள்ளியை விடுகிறோம், பிள்ளைகளை வந்து அழைத்துப்போங்கள் என்று மெசேஜ் வந்திருக்கிறது. கிளினிக்கில் எங்கள் போனையெல்லாம் அலமாரியில் வைத்துவிட வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் எடுத்துப் பார்த்தபோது அது வந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

ஆட்டோ எதுவும் நிற்கவில்லை. முழங்கால் தண்ணீரில் பாதி நடையும் பாதி பஸ்ஸுமாகப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தால், கேட் பூட்டியிருக்கிறது. டே கேரும் மூடியிருந்தது. எல்லாப் பிள்ளைகளும் போயாச்சும்மா என்றார் வாட்ச்மேன். கிளாஸ் டீச்சருக்கு போன் போட்டேன்.

டே கேர் மூடியிருந்ததால் அவரே ஸ்கூட்டியில் கொண்டுபோய் வீட்டு வாசலில் விட்டதாகச் சொன்னார். வழியெல்லாம் பாப்பாதான் காட்டினாளாம். பெரியம்மா உள்ளே இருக்காங்க, நீங்க போங்க மிஸ் என்றாளாம். நித்யமல்லியைக்கூடச் சொன்னாளாம்.

அந்தப் பெரியம்மா போன வாரமே பெங்களூருக்கு மகன் வீட்டுக்குப் போய்விட்டார். அது எனக்குத் தெரியும். பூட்டிய வீட்டு வாசலில், கொட்டுகிற மழையில், என் பிள்ளை தனியாக நிற்கிறாள்.

“வீட்ல ஆள் இருக்காங்கல்ல மேடம்?” என்று டீச்சர் கேட்டார்.

“இருக்காங்க மிஸ்.”

இதைச் சொன்னது நான்தான். டீச்சர் வீடு அந்தத் தெருவிலிருந்து இரண்டே நிமிடம், நான் இருந்த இடத்திலிருந்து அந்தத் தண்ணீரில் இருபது நிமிடமாவது ஆகும். உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் உடனே ஓடியிருப்பார். சீட் போய்விடுமே என்ற ஒரே பயத்தில் பொய் சொன்னேன். வயிற்றில் பிறந்ததைவிட எனக்கு விலாசம் பெரிதாகப் போய்விட்டது. இதை யாரிடமும், கணவரிடமும்கூட, இதுவரை சொன்னதில்லை.

ஓடினேன். பச்சை கேட்டில், நித்யமல்லிக் கொடிக்குப் பின்னால் பூட்டுத் தொங்கியது. வாசலில் யாரும் இல்லை. அப்போது எதிர் அபார்ட்மென்டிலிருந்து ஒரு சத்தம். அங்கே கார் நிறுத்துகிற இடத்தில், மழைக்கு ஒதுங்கி ஒரு இஸ்திரி வண்டி நின்றிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் என் மகள், யாருடையதோ தேய்த்து மடித்த பெட்ஷீட்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் பாதி கடித்த பன்.

“இன்னாமா நீ, ஒரு மணி நேரத்துக்கு மேல பாப்பா இங்க குந்திக்கினு கீது” என்று இஸ்திரிக்கார அம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டார். அந்த வீட்டில் ஆளே இல்லை, பூட்டி ஒரு வாரமாகிறது, இது என்னடாவென்றால் என் வீடு என் வீடு என்கிறது, வேறெதுவும் சொல்ல மாட்டேன் என்கிறது என்று பொரிந்தார். நான் பிள்ளையைக் கட்டிக்கொண்டேன்.

அதற்குள் ஸ்கூட்டி சத்தம். டீச்சர். போனில் என் குரல் சரியில்லை என்று மனசு கேட்காமல் ரெயின் கோட்டை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார், பாவம். பூட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். என்னாச்சு மேடம், வீடு பூட்டியிருக்கே என்றார். நான் குனிந்து பிள்ளையின் பெட்ஷீட்டை இழுத்துவிட்டேன்.

“பெரியம்மாவுக்குக் காலு வலி மிஸ். ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்க. சாவி அவங்ககிட்டதான் இருக்கு.”

என் மகள்தான் சொன்னாள். ஒரு தடுமாற்றம் இல்லை, கண்ணைக்கூட இமைக்கவில்லை. இது நான் சொல்லிக்கொடுத்ததில் இல்லாத பாடம், அவளே கட்டியது. இஸ்திரிக்கார அம்மாள் கையிலிருந்த பெட்டியை அப்படியே கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். காட்டிக்கொடுக்கவில்லை.

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளே போகிறவரைக்கும் நான் நின்றிருக்க வேண்டும், என் தப்புதான், மன்னிச்சிருங்க மேடம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? பரவாயில்ல மிஸ் என்றேன். பெரிய மனது பண்ணி அவரை மன்னித்து அனுப்பிவைத்தேன்.

ஸ்கூட்டி திருப்பத்தில் மறைந்ததும் மகள் பெட்ஷீட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டினாள். ஏண்டி இவங்ககிட்ட என் நம்பரையாவது சொல்லியிருக்கக் கூடாதா, மனப்பாடமாத் தெரியுமே உனக்கு என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன், வேறெப்படிக் கேட்பதென்று தெரியவில்லை.

“கேட்டாங்கம்மா. நாலு தடவை கேட்டாங்க, நான் சொல்லவே இல்ல” என்றாள். இஸ்திரிக்கார அம்மாள் காதில் விழும்படியேதான் சொன்னாள். “அவங்க போன் பண்ணா நீ மாட்டிக்குவல்ல?”