கல்யாண ரவிக்கையும் ரப்பர் பாலும்

ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிவிட்டு வந்த அப்பா, முழங்கையில் காய்ந்திருந்த ரப்பர் பாலை உரித்துக்கொண்டிருந்தார். ரோமத்தோடு வந்தது. எனக்குப் பளிச்சென்றது: இதைவிட நல்ல பசை எங்கே கிடைக்கும்?

பக்கத்து வீட்டு அக்காவுக்குத் திங்கட்கிழமை சர்ச்சில் கல்யாணம். அவள் வெள்ளை ரவிக்கையின் கைகளில் தங்க நூலால் இலைக்கொடி போட ஒத்துக்கொண்டிருந்தேன். என் எம்பிராய்டரி மெஷினுக்கு வந்த முதல் கல்யாண வேலை. தையல்காரரோ கைகளை முன்பே வெட்டிவிட்டார். வெட்டிய துண்டு, துணியை இறுக்கிப் பிடிக்கும் மெஷினின் சட்டத்துக்கு எட்டாது. சட்டத்தில் தாளை மாட்டி, அதன்மேல் துணியை ஒட்டித்தான் தைக்க வேண்டும். அதற்கான ஸ்பிரே பசை வாங்க நாகர்கோவில் போகணும். எனக்கேது பொறுமை? அப்பா பால் பிடிக்கும் தேங்காய்ச் சிரட்டையில் மிச்சமிருந்ததைத் தாளில் தடவினேன்.

மூன்று இலை ஓடியது. நூல் அறுந்தது. ஊசியை மாற்றினேன், மறுபடியும் அறுந்தது. அப்படியே போட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் அறைக்குள் நுழைய முடியவில்லை. அழுகிய மீனும் புளித்த கஞ்சியும் சேர்ந்த வாடை. மெஷினின் அடித்தகட்டைத் திறந்தால், பஞ்சும் பாலும் திரண்டு மூக்குச்சளி மாதிரி இழுபட்டது. வெள்ளைத் துணியில் பழுப்புத் திட்டு.

அக்கா வாசலிலேயே மூக்கைப் பொத்தினாள்.

"ஏட்டி, எலி செத்துக் கெடக்கா?"

"இல்லக்கா... ரப்பர் பாலு."

"எனக்க துணியிலயா? போதகரு மூக்கப் பொத்திட்டா கல்யாணம் நடத்துவாரு?"

"படிச்ச பிள்ளைக்க புத்தியப் பாத்தியா மக்கா," என்றாள் உள்ளேயிருந்து அம்மா.

வாடையைவிட என்னைக் குமட்டவைத்தது போனில் இருந்த வீடியோ. பால் தடவும்போது நானே எடுத்தது. "செலவே இல்ல, பாருங்க!" என்று இளிக்கிறேன். பாதிக்குமேல் பார்க்க முடியாமல் அழித்தேன்.

சாயங்காலம் அக்கா மிச்சத் துணியோடு வந்தாள். "ரெண்டு கைக்குக் காணும். இதையும் நாசமாக்கினா நான் போர்வையப் போத்திட்டுத்தான் சபையில நிக்கணும்."

இதை யாரையும் வெட்ட விடமாட்டேன். கையின் அளவைச் சாக்பீஸால் வரைந்து, முழுத்துணியையும் தாளோடு சேர்த்துச் சட்டத்தில் இறுக்கி, கொடியைப் போட்டபிறகுதான் கத்தரி. பசையே வேண்டாம். மெஷினை இடுக்கியால் சுரண்டியாயிற்று. நாளைக் காலையில் முதலில் என் கல்லூரி லேப் கோட்டின் முதுகில் ஒரு கொடி ஓட்டுவேன். அது சுருங்காமல் வந்தால்தான் அக்காவின் துணியைத் தொடுவேன். அதற்குமுன் கையை இரண்டு முறை சோப்பு போட்டுக் கழுவ வேண்டும்.